ஈறுக்கு லேசர்: சிகிச்சை ஒரு நாள், பத்தியம் பத்து நாள்

பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள சுவர்களில் பார்த்திருப்பீர்கள். மூலத்துக்கு லேசர், சிறுநீரகக் கல்லுக்கு லேசர், மூக்குக்கண்ணாடியைக் கழற்ற லேசர். கத்தியில்லை, ரத்தமில்லை, தையலில்லை என்று கீழே ஒரு வரி. அதைப் படித்துப் படித்துப் பழகிய மனதோடுதான் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்கிறோம். அவர் "ஈறுக்கு லேசர் பண்ணிடலாம்" என்றதும், விளக்கைக் காட்டினால் வியாதி ஓடிவிடும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பாதி சரிதான். கத்தி பெரும்பாலும் இல்லை, தையலும் பெரும்பாலும் இல்லை. ஆனால் நாற்காலியில் நடப்பது கொஞ்சம். வீட்டுக்கு வந்தபின் வாயை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் மீதி இருக்கிறது. பழைய வைத்தியர்கள் மருந்தைக் கொடுக்குமுன் பத்தியத்தைச் சொல்வார்கள். ஈறு லேசரிலும் வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும்.

முதலில் ஓர் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முனை மழுங்கிய, கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை டாக்டர் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கிப் பார்ப்பார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். இறக்க இறக்க உதவியாளரிடம் "மூணு, ரெண்டு, மூணு... அஞ்சு, ஆறு, நாலு" என்று சொல்லிக்கொண்டே போவார். ஏலம் விடுவதுபோல் இருக்கும். அவையெல்லாம் மில்லிமீட்டர்கள். நல்ல ஈறிலும் 1 முதல் 3 மி.மீ. வரை பள்ளம் உண்டு, அதில் குறையில்லை. 4-ஐத் தொட்டு, கம்பி பட்டதும் ரத்தமும் கசிந்தால், ஈறு பல்லை விட்டு விலகிப் பை கட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். 6, 7 என்று போனால் எக்ஸ்ரேயில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்திருப்பது தெரியும். பிரஷ்ஷின் நார் அந்தப் பையின் அடிவரை எட்டாது. உள்ளே கிருமிப் படலம் சேர்ந்து, உமிழ்நீரிலும் ஈறு நீரிலும் உள்ள சுண்ணத்தால் இறுகிக் காரையாகி, அதன்மேல் மறுபடி படலம் சேர்ந்து, ஈறை விலக்கிக்கொண்டே கீழே இறங்கும்.

எலும்பைத் தொடாமல் ஈறு மட்டும் சிவந்து வீங்கியிருந்தால் அது திரும்பி வரக்கூடிய நிலை. ஒழுங்கான க்ளீனிங்கும் பிரஷ்ஷும் போதும், லேசருக்கு அங்கே வேலையே இல்லை. எலும்பு கரைந்தபின் கதை வேறு. போன எலும்பு தானாகத் திரும்பாது. இதில் பெரிய தொல்லை, வலி இல்லாமல் போவதுதான். பல் சொத்தை இரவில் எழுப்பிவிடும். ஈறு நோயோ காலையில் எச்சிலில் கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் வாய் நாற்றம் என்று சத்தமில்லாமல் பல வருடம் வேலை செய்யும். புகை பிடிப்பவர்களுக்கு அந்த ரத்தம்கூட அதிகம் வராது. புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் அடையாளம் மறைந்துவிடுகிறது.

இங்கே ஒரு பழைய பயத்தையும் எடுத்துவிடலாம். "க்ளீன் பண்ணினா பல் ஆட ஆரம்பிச்சிடும்" என்று சொல்லாத வீடு கிடையாது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னார்கள். எலும்பு போய் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பற்களைச் சுற்றிக் காரை சிமெண்ட் பூசியதுபோல் இறுகி நிற்கும். அதை எடுத்ததும், மறைந்திருந்த ஆட்டம் வெளியே தெரியும். பல்லை ஆட்டியது நோய், பழி க்ளீனிங்குக்கு.

பைகள் ஆழமாக இருந்தால் முதல் சிகிச்சை, ஈறுக்குக் கீழே வேரின்மேல் ஒட்டிய காரையைச் சுரண்டி எடுக்கும் ஆழ்ந்த க்ளீனிங். சில வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். பல இடங்களில் எண் இறங்கியிருக்கும். இறங்காத இடங்களுக்கு வழக்கமான வழி, ஈறைக் கீறி மடல்போல் விலக்கி, வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, மூடித் தையல் போடுவது. ஃப்ளாப் ஆபரேஷன் என்பது அதுதான். லேசர் நுழைவது இந்த இடத்தில்: சில வேளை ஆழ்ந்த க்ளீனிங்கோடு துணையாக, சில வேளை ஃப்ளாப்புக்குப் பதிலாக.

லேசர் என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. 1960-ல் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லை வைத்து முதல் லேசரை ஒளிரவிட்டபின், எந்தப் பொருளிலிருந்து ஒளி வருகிறதோ அதைப் பொறுத்து அலைநீளம் மாறும், அலைநீளம் மாறினால் உடம்பில் அது பிடிக்கும் இடமும் மாறும் என்று தெரிந்தது. நம் ஊர் கிளினிக்குகளில் பெரும்பாலும் பார்ப்பது டயோடு லேசர், டிபன் பாக்ஸ் அளவில் இருக்கும். 810 முதல் 980 நானோமீட்டர் வரை உள்ள அதன் ஒளியை ரத்தத்தின் சிவப்பும் தோலின் கருமையும் உறிஞ்சும். ஆகவே வீங்கிய, ரத்தம் நிறைந்த ஈறில் நன்றாக வேலை செய்யும். காரையை அதனால் எடுக்க முடியாது. என்.டி.யாக் லேசர் 1064 நானோமீட்டர். இதுவும் நிறத்தைத் தேடிப் போவதுதான், இன்னும் ஆழமாகப் போகும். எர்பியம் லேசர் 2940 நானோமீட்டர். இதை நீர் உறிஞ்சும். தண்ணீர் தெளித்துக்கொண்டே, பட்பட்டென்று சின்னச் சத்தத்தோடு வேலை செய்யும். காரையையும் எலும்பையும்கூட இது செதுக்கும். ஆகவே "லேசர் பண்ணலாம்" என்று சொன்னால், "எந்த லேசர், எதுக்கு டாக்டர்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. நல்ல டாக்டர் சந்தோஷமாகச் சொல்வார்.

அமெரிக்காவில் லனாப் என்ற முறை பிரபலம். கலிபோர்னியாவின் ராபர்ட் கிரெக், டெல்வின் மெக்கார்த்தி என்ற இரண்டு பல் மருத்துவர்கள் என்.டி.யாக் லேசரை வைத்து உருவாக்கியது. 2004-ல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி கொடுத்தது. மெல்லிய கண்ணாடி நாரைப் பைக்குள் விட்டு, நோய்பட்ட உள்வரிச் சதையை மட்டும் ஒளியால் நீக்குவார்கள். பிறகு அதிர்வுக் கருவியால் வேரின் காரையை எடுப்பார்கள். மறுபடி லேசரை வேறு அமைப்பில் விட்டு, கசிந்த ரத்தத்தைக் கட்டியாக உறையவைத்துப் பையின் வாயை அடைப்பார்கள். விரலால் ஈறைப் பல்லோடு அழுத்திப் பிடிப்பார்கள். கடிக்கும்போது ஒரு பல்மேல் மட்டும் பாரம் விழுந்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்வார்கள். நடுவில் காரை எடுக்கும் படி இருப்பதைக் கவனியுங்கள். லேசர் வந்ததால் சுரண்டுவது நின்றுவிடவில்லை.

இதெல்லாம் செய்தால் பழைய முறையைவிடப் பலன் அதிகமா? விளம்பரப் பலகைகள் பேசாத இடம் இது. 2018-ல் அமெரிக்க ஈறு நோய் மருத்துவர் சங்கம் வல்லுநர்களைக் கூட்டிச் சான்றுகளைப் பார்த்தது. லேசரைச் சேர்ப்பதால் கூடுதலாகக் கிடைப்பது சிறிதே, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்றுதான் தெரிந்தது. 2020-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி நெறி இன்னும் கறார்: ஆழ்ந்த க்ளீனிங்கோடு லேசரைத் துணையாகச் சேர்க்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. அதற்காக லேசர் ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. ரத்தம் குறைவு, வீக்கம் குறைவு, தையல் இல்லை, கீறலை நினைத்தே பல வருடம் ஓடிக்கொண்டிருந்தவர் நாற்காலியில் வந்து உட்காருகிறார். என் கணக்கில் கடைசியாகச் சொன்னதே பெரிய லாபம். ஆனால் காசை எண்ணிக் கொடுக்கும்போது எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்: வசதிக்குக் கொடுக்கிறோம், அற்புதத்துக்கு அல்ல.

சிகிச்சை நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரத்துப்போக ஊசி போடுவார்கள், வலி அந்த ஊசியோடு சரி. டாக்டர், உதவியாளர், நீங்கள் என்று அறையில் இருக்கும் எல்லோருக்கும் நிறக் கண்ணாடி மாட்டுவார்கள். கண்ணைக் காக்க அது கட்டாயம். மாட்டாவிட்டால் கேளுங்கள். சுட்ட முடி வாசனை கொஞ்சம் வரும், பயப்படாதீர்கள். வாய் முழுவதும் செய்ய வேண்டியிருந்தால் பெரும்பாலும் இரண்டு நாளாகப் பிரித்து, ஒரு முறை ஒரு பக்கம் என்று செய்வார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம். சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது, திரும்பி வந்து உடனே சாப்பிட முடியாது. மரப்பு விடும்வரை சூடான காபி வேண்டாம். உதடு வெந்தாலும் தெரியாது.

இனி பத்தியம். டயோடு லேசரை ஆழ்ந்த க்ளீனிங்கோடு லேசாகக் காட்டி அனுப்பியிருந்தால், இரண்டு மூன்று நாள் காரம் குறைத்து, மிருதுவாகப் பிரஷ் செய்தால் போதும். மறுநாளே பிரஷ் செய்யச் சொல்வார்கள். லனாப் மாதிரி முழுச் சிகிச்சை என்றால் பத்து நாள் கட்டுப்பாடு. எது செய்தார்கள் என்பதைப் பொறுத்துப் பத்தியம் மாறுவதால், கிளினிக்கில் கொடுத்த தாளே வேதம். கீழே சொல்வது முழுச் சிகிச்சைக்கு.

பைக்குள் உறைந்திருக்கும் ரத்தக்கட்டிதான் எல்லாம். அதன்மேல்தான் புதுச் சதை ஏற வேண்டும். அதை அசைக்கிற எதுவும் ஆகாது. முதல் மூன்று நாள் திரவ உணவு: ஆறிய அரிசிக் கஞ்சி, ராகிக் கூழ், மோர், தெளிந்த பருப்புத் தண்ணீர். இளநீர் நல்லது, ஆனால் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். ஸ்ட்ராவால் உறிஞ்சினால் வாய்க்குள் இழுப்பு உண்டாகிக் கட்டி பெயரும். நான்காம் நாளிலிருந்து குழைந்த தயிர் சாதம், பாலில் ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம். தயிர் சாதத்துக்குத் தாளிக்க வேண்டாம் என்று சமைப்பவரிடம் சொல்லிவிடுங்கள். கடுகு அளவில் சின்னதுதான், திறந்த ஈறின் விளிம்பில் போய் உட்கார்ந்தால் அதைப்போல் வேதனை கிடையாது. எள், ரவை, இட்லிப்பொடி எல்லாம் அதே ஜாதி. முறுக்கு, அப்பளம், வறுகடலை, ஊறுகாய் பக்கமே போக வேண்டாம்.

எங்கள் பெரியம்மா ஒருவர் ஐந்தாம் நாள், ஒரு வலியும் இல்லையே என்று கைமுறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் ரத்தம். மறுநாள் டாக்டர் கேட்டதற்கு, "வலிக்கவே இல்லையே சார், அதான் ஆறிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார். "வலிக்காததுக்குத்தாம்மா லேசர் பண்ணினது. ஆற இன்னும் நாள் இருக்கு" என்றார் அவர். ஃப்ளாப் ஆபரேஷன் செய்துகொண்டவருக்குத் தையலும் வீக்கமும் காவல்காரர்கள், முறுக்கைத் தொட விடமாட்டார்கள். லேசரில் அந்தக் காவல் இல்லை. நாமேதான் காவல் இருக்க வேண்டும்.

அடுத்து, வாயைக் கொப்பளிப்பது. சாப்பிட்டதும் தண்ணீரை வாயில் அடைத்துக் களகளவென்று கொப்பளித்துத் தூவென்று துப்புவது நமக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். பத்து நாளைக்கு அதை மறந்துவிட வேண்டும். நீரை வாயில் வைத்து, தலையை இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்து, வாயைத் திறந்து தானாக வழிய விடுங்கள். நல்லெண்ணெய் கொப்பளிப்பவர்கள் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள். சிகிச்சை செய்த இடத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பிரஷ் படக்கூடாது. அதற்குப் பதிலாகத்தான் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுப்பார்கள். அது பல்லில் பழுப்புக் கறையை விடும், நாக்கின் ருசியையும் கொஞ்ச நாள் மாற்றும். டீ, காபி அதிகம் குடித்தால் கறை இன்னும் ஏறும். அடுத்த க்ளீனிங்கில் போய்விடும், கவலை வேண்டாம். மற்றப் பக்கத்துப் பற்களைப் பேஸ்ட்டால் துலக்கியதும் உடனே இதை ஊற்றாமல் அரை மணி நேரம் விட்டால் மருந்து நன்றாகப் பிடிக்கும். சொன்ன நாளுக்குமேல் தொடர்ந்து பயன்படுத்தவும் வேண்டாம்.

மூன்றாம், நான்காம் நாள் கண்ணாடியில் பார்த்தால் ஈறின் ஓரத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மெல்லிய ஏடு படிந்திருக்கும். சீழ் என்று பயந்து பஞ்சை வைத்துத் துடைப்பவர்கள் உண்டு. அது சீழ் அல்ல, புண் ஆறும்போது உடம்பே போட்டுக்கொள்ளும் கட்டு. உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதையும் நிறுத்துங்கள், அந்த இழுப்பே ஆறுவதைக் கெடுக்கும். எச்சிலில் இளஞ்சிவப்பாக ஓரிரு நாள் தெரிவது, லேசான வலி, கொஞ்சம் வீக்கம், இவை இயல்பு. பெரும்பாலோருக்குச் சாதாரண வலி மாத்திரையே போதும். அழுத்தியும் நிற்காத ரத்தம், மூன்று நாளுக்குப்பின் குறையாமல் ஏறுகிற வலி அல்லது வீக்கம், காய்ச்சல், உண்மையான சீழ், இவற்றில் எது வந்தாலும் அன்றே போன் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப்போட வேண்டாம்.

சிகரெட், பீடி, புகையிலை போட்ட வெற்றிலை, பான் மசாலா. பத்து நாளைக்கு நிறுத்தச் சொல்வார்கள். அப்படியே விட்டுவிட்டால் ஈறு செய்யும் நன்றிக்கு அளவிருக்காது. விடாதவர்களுக்கு எந்த லேசரும் முழுப் பலன் தருவதில்லை.

சிலர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியவை உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்கு ஈறு தடித்துப் பல்மேல் ஏறும். லேசரால் செதுக்கிவிடலாம், ஆனால் மாத்திரை மாறாவிட்டால் மறுபடி வளரக்கூடும். சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் உண்டு. சர்க்கரை ஏறினால் ஈறு எளிதில் ஆறாது. ஈறில் நோய் இருந்தால் சர்க்கரை எளிதில் இறங்காது. ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி என்ற சர்க்கரை அளவு சராசரியாகச் சுமார் 0.4 சதவீதப் புள்ளி இறங்குவது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. ஒரு மாத்திரை கூடுதலாகச் சாப்பிட்டதற்குக் கொஞ்சம் கிட்டே வரும் பலன்.

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன். கறுத்த ஈறு நோய் அல்ல. நம் தோலில் இருக்கும் அதே மெலனின்தான் ஈறிலும். கல்யாணத்துக்கு முன் ஈறை ரோஸ் ஆக்க லேசர் என்று இப்போது நிறையச் செய்கிறார்கள். செய்யலாம், ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். சில வருடத்தில் கருமை திரும்பியும் வரலாம். அதற்கும் மேலே சொன்ன ஈறு சிகிச்சைக்கும் சம்பந்தமில்லை. நோய்க்காக டயோடு லேசர் செய்யும்போது, கருமையான ஈறு ஒளியை அதிகம் உறிஞ்சும் என்பதால் டாக்டர் சக்தியைக் குறைத்து வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வாரங்கள் போனபின் கண்ணாடியில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். வீக்கம் வடிந்து ஈறு இறுகியதால் பல் நீண்டதுபோல் தெரியும், பற்களின் நடுவே சின்னக் கறுப்பு இடைவெளிகள் தோன்றும். ஐஸ் தண்ணீர் பட்டால் கூசும். சிகிச்சை கெட்டுவிட்டது என்று அர்த்தம் அல்ல, வீங்கியிருந்த ஈறு மறைத்ததை இறுகிய ஈறு காட்டுகிறது. கூச்சத்துக்கான பேஸ்ட்டைத் தொடர்ந்து போட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். கீறி, தைத்த ஆபரேஷனைவிட லேசரில் இந்த இறக்கம் குறைவாக இருக்கும் என்பது அதன் பக்கம் சொல்லப்படும் ஒரு நியாயம். இடைவெளிகளுக்கு இனி சாதாரண பிரஷ் போதாது. குட்டி பாட்டில் பிரஷ் மாதிரி இருக்கும் இடைப்பல் பிரஷ் ஒன்றை வாங்கி, எந்த அளவு சேரும் என்று டாக்டரிடமே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈறுக்குக் கரித்தூளும் செங்கல் பொடியும் வேண்டாம், எந்த வயதிலும்.

சதை வாரங்களில் ஆறும். வேரோடு ஈறு ஒட்டுவதற்கும், எலும்பு ஏதாவது ஊறினால் அது இறுகுவதற்கும் மாதங்கள் ஆகும். ஆகவே லனாப் செய்த டாக்டர்கள் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை அந்தக் கோடு போட்ட கம்பியை உள்ளே விடுவதில்லை. புதிதாக ஒட்டியதை அது பிரித்துவிடும். நடுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலோட்டமான க்ளீனிங்குக்குக் கூப்பிடுவார்கள். இந்தக் கூப்பிடுதலைத்தான் முக்கால்வாசிப் பேர் தவறவிடுகிறோம், வலி இல்லை என்ற அதே காரணத்தால். சிகிச்சைக்கு முன் எழுதிய எண்களின் தாளைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். ஒரு வருடம் கழித்து டாக்டர் மறுபடி கம்பியை இறக்கி "மூணு, ரெண்டு, நாலு" என்று ஏலத்தைத் தொடங்கும்போது, போன முறை ஏழு சொன்ன இடத்தில் இப்போது என்ன சொல்கிறார் என்று நாற்காலியில் சாய்ந்தபடியே நீங்களும் கணக்குப் பார்க்கலாம்.